பொட்டலுக்குப் போன மர அலுவலர்

ஒரு காட்டில் மாசிலாமணி என்றொரு குரங்கு இருந்தது. அதற்குப் பதவி உயர்வு வந்தது. காட்டுக்கு வெளியே, வெகு தூரத்தில் இருக்கும் பொட்டல் வட்டாரத்துக்கு மர அலுவலர். பெண்டாட்டிக்கு நிறைமாதம். இருந்தாலும் பதவி உயர்வை வேண்டாம் என்று சொல்கிற குரங்கு இன்னும் பிறக்கவில்லை.

பொட்டலில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வானமும் செம்மண்ணும்தான். மரம் மருந்துக்குக்கூட இல்லை. மர அலுவலர் தரையில் படுத்துத் தூங்கினார். பிள்ளை பிறந்த செய்தியை ஒரு காக்கை பறந்து வந்து சொன்னது. மாசிலாமணி வாய்விட்டு அழுதது.

அலுவலக உதவியாளர் சடைச்சி என்ற வெள்ளாடு. "மரமே இல்லாத ஊருக்கு மர ஆபீசர் எதுக்குங்க?" என்றது.

"அதைத்தாம்மா நானும் மேலிடத்துக்குச் சொல்லியிருக்கேன்."

மேலிடம் அதிசயமாகக் காது கொடுத்தது. பெரிய அதிகாரியான யானை நேரில் வந்து பார்க்கும். மரம் இல்லை என்பது உண்மையானால் அந்தப் பதவியையே எடுத்துவிடும். மாசிலாமணி வீட்டுக்குப் போகலாம்.

ஆக, மாசிலாமணி செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா நின்றால் போதும். ஆனால் பெரிய அதிகாரி வரும்போது சும்மா நிற்க முடியுமா? உடம்பில் ஓடுவது அரசாங்க ரத்தமாயிற்றே! பந்தல் போட்டது. மாலை வாங்கியது. வந்தவர் கையால் மரக்கன்று நட வைப்பதுதானே முறை? ஆள் அனுப்பி ஒரு வேப்பங்கன்றும் வரவழைத்தது.

யானை கன்றை நட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். யானைக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"இங்க மரமே இல்லைன்னு எவன் சொன்னான்? இதோ நிக்குதே! இதைப் பாத்துக்க ஆள் வேணாமா? மாசிலாமணி, உங்க பதவியை நிரந்தரமாக்கிட்டேன். கன்னு வளர வளர போட்டோ அனுப்புங்க."

யானை போனதும் மாசிலாமணி ஆட்டின் காலில் விழாத குறை. "சடைச்சி, உனக்குப் புண்ணியமாப் போகும். இதை மேஞ்சிடும்மா."

"ஐயையோ! பெரியய்யா தும்பிக்கையால வெச்சதுங்க. நானும் வேலையில இருக்கேனுங்க."

மேலதிகாரி நட்டதைப் பிடுங்கும் துணிச்சல் மாசிலாமணிக்கும் இல்லை. குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடி நடந்தது. காட்டில் அதன் பிள்ளை அப்போது கிளை தாவப் பழகிக்கொண்டிருந்தது.

நீதி: மரம் வளர்ப்பது நல்லது. அடுத்தவன் வேலை பார்க்கும் ஊரில் வளர்ப்பது இன்னும் நல்லது.