என் கையால மாட்டுன பிரேக்

வியாழக்கெழம காலைல, பல்லு வெளக்கறதுக்கு முன்னாடியே, ஒரு முடிவு எடுத்துட்டேன். இனிமே எங் கார்ல எந்த மெக்கானிக் கையும் படக்கூடாது. போன்ல வீடியோ பாத்து நானே கழட்டுவேன். நானே மாட்டுவேன்.

இத முதல்ல சொன்னது ஈஸ்வரி கிட்ட. கட்டுன பொண்டாட்டியாச்சே. அவ அடுப்ப வுட்டு திரும்பவே இல்ல.

"இன்னாத்த கழட்டப் போறீங்க?"

"பிரேக்க."

இப்ப திரும்பினா.

காரணம் இல்லாம நான் எதுவும் பேசமாட்டேன். அஞ்சு மாசத்துல ரெண்டு வாட்டி முன் சக்கரத்துக்கு பிரேக் பேடு மாத்தியாச்சு. ரெண்டு வாட்டியும் திருப்பத்தூர் சின்னராஜ் கடையிலதான். ரெண்டும் தீஞ்சிபோச்சு. மலைய வுட்டு எறங்கறதுக்குள்ள, தோசக்கல்லுல ரப்பர் செருப்ப வச்சாப்போல நாத்தம். மிதிச்சா பிரேக்கு 'இரு, யோசிச்சி சொல்றேன்'னு நிக்கும். எங்க ஜவ்வாது மலை ரோட்டுல, யோசிக்கிற பிரேக்க வச்சிகினு இன்னா பண்றது?

சின்னராஜ் டூப்ளிகேட் சாமான் போடறான். இது என் தீர்ப்பு. போன வாட்டி அவங்கிட்டயே கேட்டேன். அவன் சக்கரத்த பாத்தான். எம் மூஞ்ச பாத்தான். "அண்ணே, எறக்கத்துல எப்டிண்ணே ஓட்றீங்க?"ன்னான்.

மலையில பொறந்தவன பாத்து கேக்கற கேள்வியா இது? எல்லாரும் ஓட்றாப்போலதான். மேல கடைசி டீக்கடை தாண்டுனதும் கியர எடுத்துட்டு நியூட்ரல். அடிவாரம் வரைக்கும் வண்டி தானா உருளும். எங்க ஊரு ஜீப்பும் அப்டிதான் எறங்குது, பைக்கும் அப்டிதான் எறங்குது. பெட்ரோல் மிச்சம். வேகம் எடுத்தா பிரேக்க மிதிச்சிகினே வரவேண்டிதுதான். வேற எதுக்கு இருக்கு பிரேக்கு?

"கியர்ல எறக்குங்கண்ணே, இஞ்சினே வண்டிய புடிச்சிக்கும்"ன்னான். வேலைய கெடுத்துட்டு, ஓட்டறவன் மேல பழிய போடறான் பாருங்க. அன்னிக்கே மனசு வுட்டுப்போச்சு.

இப்ப அவசரம் இன்னான்னா, ஞாயித்துக்கெழம எம் பொண்ணு ரம்யாவுக்கு திருப்பத்தூர்ல மாமியார் வூட்ல வளைகாப்பு. முடிஞ்சதும் கையோட எங்க வூட்டுக்கு கூட்டியாரணும். தலப்பிரசவம். உள் ரூமுக்கு வெள்ள அடிச்சி, ஜன்னலுக்கு கொசுவல அடிச்சி வச்சிருக்கேன். தொட்டிலுக்கு கொக்கி கூட மாட்டியாச்சு. ஆனா சம்பந்தியம்மா கெங்கம்மாளுக்கு எங்க ரோடுன்னாலே கிலி. "வண்டி சரியில்லன்னா மருமவள அனுப்ப மாட்டாங்களாம். பிரசவம் அங்கயே பாத்துக்குவாங்களாம்"னு ஈஸ்வரி வந்து சொன்னா. சொல்லும்போதே அவ கண்ணு கலங்கிச்சு. அந்த கொக்கிய பாத்து எனக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சு.

"வாடக கார் வச்சிக்கலாங்க."

"எம் பொண்ணு எங் கார்லதான் வருவா."

"அப்ப சின்னராஜ் கிட்ட வுடுங்க."

"அவன நம்ப மாட்டேன்."

"போன்ல வீடியோ போடறவன மட்டும் நம்புவீங்க?"

"அவன் பொய் சொன்னா அவனுக்கு இன்னா லாபம்?"

"சின்னராஜ் நெசம் சொன்னா அவனுக்கு இன்னா நட்டம்?"

இந்த மாதிரி கேள்விக்கெல்லாம் நான் பதில் சொல்றதில்ல. வேலை இருக்கு.

ஒடுகத்தூர்ல போயி புது பேடு வாங்கியாந்தேன். சனிக்கெழம வாசல்ல ஜாக்கி வச்சி வண்டிய தூக்குனேன். செல்போன திண்ணை மேல சாத்தி வச்சி வீடியோவ ஓட வுட்டேன். வீடியோக்காரன் ஒத்த வெரல்ல போல்ட்ட கழட்டுனான். நான் ஸ்பேனர் மேல ஏறி நின்னு குதிச்சேன். அவன் அடுத்த போல்ட்டுக்கு போயிட்டான். நான் இன்னும் குதிச்சிகினு இருந்தேன்.

ஈஸ்வரி டீ எடுத்தாந்தா. "இன்னாங்க, வண்டிய ரிப்பேர் பண்றீங்களா, மாவு இடிக்கிறீங்களா?"

சாயங்காலம் வேலை முடிஞ்சிது. ரெண்டு சக்கரமும் மாட்டியாச்சு. வாசல்லயே முன்ன பின்ன ஓட்டி பாத்தேன். மிதிச்சா நின்னுது. கெத்தா எறங்குனேன். ஈஸ்வரி குனிஞ்சி தரையில இருந்து எதயோ எடுத்தா.

"இது இன்னாங்க?"

"கிளிப்பு."

"இது எங்க இருந்துது?"

"வண்டியிலதான்."

"இப்ப எங்க இருக்குது?"

"உங் கையில."

"இது இல்லாம ஓடுமா?"

"கம்பெனிக்காரன் எல்லாத்துலயும் ஒண்ணு கூட போட்டு வச்சிருப்பான். விருந்துல நாலு எல கூட போடறதில்ல?"

அவ ஒண்ணும் சொல்லல. கிளிப்ப தொடச்சி பர்ஸ்ல போட்டுகினா. நான் அப்பவே உஷாராயிருக்கணும். இருவத்தாறு வருஷ அனுபவத்துல சொல்றேன். ஈஸ்வரி வாக்குவாதம் பண்றவரைக்கும் நமக்கு ஜெயிக்க ஒரு வாய்ப்பு இருக்குது. வாய மூடிகினா, அவ ஏற்கனவே ஜெயிச்சிட்டு கிளம்பிட்டா.

ஞாயித்துக்கெழம காலைல பட்டுப்புடவ கட்டிகினு கார் பக்கம் வந்தா. சாவி அவ கையில.

ஒண்ணு சொல்லிடறேன். ஈஸ்வரிக்கு வண்டி ஓட்டத் தெரியும். மகளிர் குழு சாமை ஏத்திட்டுப் போற வேன ஒண்ணர வருஷமா அவதான் ஓட்றா. ஆனா எங் கார நான் தொட வுட்டதில்ல. அது லோடு வண்டி. இது குடும்ப வண்டி.

"சாவிய குடு."

"நீங்க ஓட்டக்கூடாதுங்க."

"ஏன்?"

"ஒரு மெக்கானிக்கு, தான் பாத்த வேலைய எப்டிங்க சோதிப்பான்? வேற ஆள ஓட்டச் சொல்லிட்டு, பக்கத்துல உக்காந்து சத்தம் கேப்பான். ஓட்டறவன் காதுல இன்னா வுழப்போவுது? ஓட்ட ஆயிரம் பேர் கெடப்பாங்க. பிரேக்கு மாட்ன மெக்கானிக்கு நீங்க ஒருத்தர்தான்."

கல்யாணம் ஆன நாளா என்ன அவ ஒரு பட்டம் குடுத்து கூப்ட்டதில்ல. மெக்கானிக்கு! காது குளுந்துபோச்சு. நானே போயி அவளுக்கு கதவ தொறந்து வுட்டேன்.

கடைசி டீக்கடை தாண்டுச்சு.

"நியூட்ரல்"ன்னேன்.

"எனக்கு அந்த வித்தயெல்லாம் வராதுங்க. வேன்ல மூட்டையோட ரெண்டாவது கியர்லயே எறக்கி பழக்கம்."

இஞ்சின் மொனகிகினே எறங்குச்சு. கார் கல்யாணப் பொண்ணு மாதிரி தலைய குனிஞ்சி, நெதானமா நடந்துது. அவ கால் பிரேக்கு மேல அங்கங்க ஒரு தட்டு தட்டிச்சு, அவ்ளோதான். நான் ஜன்னலுக்கு வெளிய தலைய நீட்டி மோந்து பாத்தேன். ரோட்டோரம் வித்த சீத்தாப்பழ வாசனதான் வந்துது. தீஞ்ச நாத்தமே இல்ல.

"பாத்தியா! என் கை வேல!"

"ஆமாங்க. இத சின்னராஜுக்கு காட்டாம போலாமா? அவன் வெக்கப்படணும்ங்க."

எனக்கு தோணாத யோசனை. "வுடு வண்டிய"ன்னேன்.

ஞாயித்துக்கெழமன்னாலும் சின்னராஜ் கடைய தொறந்து வச்சிருந்தான். எங்கள எதிர்பாத்தவன் மாதிரி இருந்தான். அப்ப எனக்கு அது ஒறைக்கல. பொறங்கைய சக்கரத்து மேல வச்சி பாத்தான்.

"சூடே இல்லயேண்ணே."

நான் இடுப்புல கைய வச்சிகினு நின்னேன். அவன் சக்கரத்த கழட்டி ரொம்ப நேரம் பாத்தான்.

"நல்லாதாண்ணே மாட்டியிருக்கீங்க. ஒரே ஒரு கிளிப்புதான் காணம். பேடு ஆடிகினே இருக்கும். மலை ரோட்ல அது ஆகாது."

ஈஸ்வரி பர்ஸ தொறந்தா. அவன் வாங்கி, ஒரே அழுத்துல மாட்டிட்டான். அப்புறம் டிக்கியில கெடந்த என் பேடு டப்பாவ எடுத்தான். ரேக்குல இருந்து அவன் டப்பா ஒண்ண எடுத்து பக்கத்துல வச்சான். ஒரே கம்பெனி. ஒரே நம்பரு.

"இன்னிக்கு யாருண்ணே ஓட்டியாந்தது?"

நான் ரோட்ட பாத்தேன். பாக்கறாப்போல அங்க ஒண்ணும் இல்ல.

நான் சின்னராஜோட சாமான சந்தேகப்பட்டேன். அவன் கைய சந்தேகப்பட்டேன். வண்டிய கூட சந்தேகப்பட்டேன். எல்லாத்தையும் கழட்டிப் பாத்த நான், என் காலயும் நியூட்ரல்ல கெடந்த கியரையும் மட்டும் பாக்கல. வண்டியில கோளாறுன்னு சொல்ற மெக்கானிக்க நம்பறது சுளுவு. ஒண்ண மாத்துனா சரியாயிடும். உங்கிட்டதான் கோளாறுன்னு சொல்றவன எப்டி நம்பறது? அதுக்கு கடையில சாமான் கெடைக்காது. அவன் அன்னிக்கு கேட்டது சாதா கேள்விதான். நான்தான் அத அவமானமா எடுத்துகினேன்.

"இனிமே கியர்லயே எறக்கறேன், சின்னராஜு"ன்னேன்.

வளைகாப்பு நல்லா நடந்துது. ரம்யா ரெண்டு கையிலயும் வளையல் குலுங்க வந்து எம் பக்கத்துல நின்னா. கெளம்பற நேரம். கெங்கம்மாள் வாசலுக்கு வந்து கார ஒரு சுத்து சுத்தி பாத்தாங்க. பிரேக்க பத்தி கேட்டா சொல்றதுக்கு எல்லாம் தயாரா வச்சிருந்தேன்.

அவங்க எங்கிட்ட ஒண்ணும் கேக்கல.

"ஈஸ்வரி, நீதான ஓட்டியாந்த?"

"ஆமாங்க சம்பந்தி. போறப்பவும் நான்தான்."

"அப்ப கூட்டிட்டு போங்க. அதான் புதங்கெழமயே போன்ல சொன்னேனே, அண்ணன் ஓட்டறதா இருந்தா மட்டும் அனுப்ப மாட்டேன்னு."

புதங்கெழம. நான் முடிவு எடுத்தது வியாழக்கெழம. அத 'வண்டி சரியில்லன்னா'ன்னு எங்கிட்ட மாத்தி சொன்னது ஈஸ்வரிதான். நான் ஈஸ்வரிய பாத்தேன். அவ ரம்யா முதுகுக்கு தலகாணி வச்சிகினு இருந்தா, முன் சீட்ல.

"அப்ப நானு?"

"பின்னாடி உக்காந்து அந்த பலகாரத் தட்டுங்கள மடியில வச்சி புடிச்சிக்கோங்க. வளைவுல சாஞ்சிடும்."

அஞ்சு தட்டு. மேல் தட்டுல லட்டு. ரெண்டு கையாலயும் கெட்டியா புடிச்சிகினு ஒக்காந்தேன். மலை ஏறி வூடு வந்து சேர்ற வரைக்கும், ஒரு லட்டு கூட உருளல.