பதினாறு மில்லிமீற்றரில் எங்கள் ஹோல்

எங்கள் வீட்டில் மூன்றாவது ஆளுக்குப் படுக்க இடமில்லை. இது என் கணவர் சிவபாதசுந்தரத்தின் கொள்கை. வங்கியில் முப்பத்து நாலு வருடம் "நாளைக்கு வாங்கோ" என்று சொல்லிப் பழகிய மனுசன். ஓய்வு பெற்ற பிறகு அதைச் சொல்ல ஆள் கிடைக்காமல் என் சொந்தக்காரரிடம் சொல்கிறார்.

கொழும்பு வெள்ளவத்தையில் நாலாம் மாடி. ஒரு அறை, ஒரு ஹோல், ஒரு குசினி. பல்கனி என்றும் ஒன்று இருக்கிறது. அதில் நானும் கறிவேப்பிலைச் சாடியும் ஒரே நேரத்தில் நிற்க முடியாது.

மே மாதம் வவுனியாவில் இருந்து என் தங்கை சாமினி போன் எடுத்தாள். முழங்காலில் ஒப்பரேசன். எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற களுபோவில ஆஸ்பத்திரியில் திகதி கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு ஆறு கிழமைக்கு, கிழமையில் இரண்டு தரம் கால் பயிற்சி. வெட்டின காலோடு வவுனியா பஸ்ஸில் ஏறி இறங்க ஏலுமோ?

"அக்கா, உன்ர வீட்டில ஒரு மூலை இருந்தாக் காணும்," என்றாள்.

நான் காஸ் சிலிண்டர் அரைவாசி ஆனாலே நித்திரை கொள்ளாத ஆள். இதைக் கேட்டதும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தேத்தண்ணியைக் கொடுத்து, அவர் முதல் மிடறு குடிக்கும் வரை பொறுத்தேன்.

"இஞ்சேருங்கோ, சாமினி ஒரு ஆறு கிழமை வந்து நிக்கட்டே?"

"எங்க?"

"ஹோலில."

"ஹோலோ? அது ஹோலில்லை, நெருப்புப்பெட்டி. அதுக்குள்ள நாங்கள் ரெண்டு குச்சி கிடக்கிறதே பெரிய காரியம்."

"ஒரு மெத்தை போட்டா..."

"மெத்தை போட்டா நான் எதால நடக்கிறது? சுவராலயோ?"

ஆள் கெட்டவர் இல்லை. சாமினியோடு கோபமும் இல்லை. காலையில் வெறும் மேலோடு ஹோலில் இருந்து, பேப்பரை நாலு திசைக்கும் விரித்து, யூரியூப்பைச் சத்தமாக வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். சாமினி வந்தால் சேட் போட வேண்டும். விசயம் அவ்வளவுதான். ஒரு சேட்டுக்காக என் தங்கை நடுத்தெருவில் நிற்க வேண்டும்.

அந்த யூரியூப்பால்தான் லென்ஸ் வந்தது.

மெல்பேணில் இருக்கிற மகன் போன வருடம் வந்தபோது தன் பழைய கமராவை இவரிடம் விட்டுவிட்டுப் போனான். இவரோடு காலையில் கடற்கரை ரோட்டில் நடக்கிறவர்கள் எல்லாரும் ஜூலையில் குடும்பத்தோடு திருகோணமலைக்கும் சிகிரியாவுக்கும் போக முடிவெடுத்தார்கள். இவரைப் படப்பிடிப்பாளர் ஆக்கினார்கள். போட்டிக்கு வேறு ஒருவரும் நிற்கவில்லை. ஆனால் கமராவோடு இருந்தது நீட்டு லென்ஸ். அதால் எடுத்தால் கோயில் கோபுரத்தில் ஒரு பொம்மையின் மூக்கு மட்டும்தான் விழுமாம்.

"எனக்கு ஒரு வைட் அங்கிள் வேணும்," என்றார்.

அவருடைய வயிற்றைப் பார்த்தேன். "ஒண்டு இருக்கிறது காணாதோ?"

"இதுதான் படிக்காத ஆக்களோட கதைக்கிற கரைச்சல். அது அகலமாப் படம் எடுக்கிற லென்ஸ்."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அதை ஒரு நாளைக்கு ஒரு தரமாவது நினைவுபடுத்தாவிட்டால் அவருக்குச் சோறு செமிக்காது.

மூன்று கிழமை யூரியூப். சாப்பாட்டு மேசையில் லென்ஸ், பஸ்ஸில் லென்ஸ், தெஹிவளையில் ஒரு செத்தவீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டும் லென்ஸ்.

"இது எஃப் ரெண்டு தசம் எட்டு, தெரியுமோ?"

"எனக்குப் பிரஷர் நூற்றி அறுபது, தெரியுமோ?"

கடைசியில் அவருக்குப் பிடித்தது பால்மா ரின் அளவில் ஒன்று. பாரமும் பால்மா ரின்தான். பிரயாணம் என்றால் அவர் வெறுங்கையோடு முன்னுக்குப் போவார். கமரா, குடை, தண்ணீர்ப் போத்தல், அவருடைய ஐந்து வகைக் குளிசை எல்லாம் என் தோளில் பின்னால் வரும். ஆகவே என் தோளைக் காப்பாற்றுவதற்காக நானும் கடைக்குப் போனேன்.

கடை பம்பலப்பிட்டியில், ஒரு மாடிப்படிக்குக் கீழே. உள்ளே மூன்று பேர் நிற்கலாம். நாலாவது ஆள் படியில் இருந்து பேரம் பேச வேண்டும். ஸப்வான் என்ற பொடியன்தான் முதலாளி.

இவர் பெரியதைக் கேட்டார். ஸப்வான் தலையைச் சொறிந்தான்.

"அங்கிள், பிரயாணத்துக்கு எண்டா முதல்ல பாரத்தப் பாருங்க. பெரிசு வாங்கினவங்க எல்லாம் ரெண்டாவது ட்ரிப்புக்கு அத வீட்ட வெச்சிட்டுத்தான் போறாங்க."

"பாரம் எனக்குப் பிரச்சினை இல்லை," என்றார் இவர். என் தோள் பேசாமல் நின்றது.

அவன் லாச்சியைத் திறந்து உளுந்துவடை அளவில் ஒன்றை எடுத்து வைத்தான். ஒரு கை மாறினது, புதிதைவிட அரை விலை, பதினாறு மில்லிமீற்றர்.

"சின்னனாக் கிடக்கே. இதுக்குள்ளால அகலமா விழுமோ?"

"நீங்களே பாருங்க."

அவன் அதைக் கமராவில் பூட்டி, மூலையில் முதுகை ஒட்டி நின்று, ஒரு படம் எடுத்துக் காட்டினான். நான் எட்டிப் பார்த்தேன். அது கடை இல்லை, கலியாண மண்டபம். அறுபது பேருக்குப் பந்தி வைக்கலாம். ஓரத்தில் இவர் ஒரு சோபா செற் மாதிரி நின்றார்.

"ஓரத்தில நிக்காதீங்க அங்கிள். ஓரத்தில ஆக்கள் இழுபட்டு அகலமாத் தெரிவாங்க."

"நடுவில நிண்டாலும் அவர் அப்பிடித்தான் தம்பி," என்றேன். "இது இந்தக் கடையே?"

"இதேதான் அன்ட்டி. வீடு விக்கிற புரோக்கர்மார் எல்லாம் இதத்தான் தேடி வாறாங்க. கக்கூசக் கூட மாளிகையாக் காட்டும்."

நான் அந்தப் படத்தை இன்னொருதரம் எட்டிப் பார்த்தேன்.

"இதையே எடுங்கோ," என்றேன்.

கலியாணம் கட்டி இருபத்தெட்டு வருடத்தில் ஒரு சாமானை எடுங்கோ என்று நான் சொன்னது இதுதான் முதல் தரம். இவர் என்னைப் பார்த்தார், லென்ஸைப் பார்த்தார், ஸப்வான் எனக்கு ஏதும் கொமிசன் தருகிறானோ என்று அவனையும் பார்த்தார்.

"ஏன்?"

"பாரமில்லை."

வாங்கினார். வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார். மனிசியை லென்ஸுக்குச் சம்மதிக்க வைத்துவிட்டாராம்.

அடுத்த நாள் விடிய எழும்பி ஹோலைக் கூட்டினேன். உடுப்புக் காயப்போடும் கம்பியைக் குளியலறைக்குள் தள்ளினேன். நாலு கதிரையில் இரண்டைக் குசினிக்குள் ஏற்றினேன். பழைய பேப்பர்க் கட்டைக் கட்டிலுக்குக் கீழே உதைத்தேன்.

"பிரயாணம் போக முதல் ஒருக்காச் சோதிச்சுப் பாருங்கோ. திருகோணமலைக்குப் போய் வேலை செய்யாட்டில் வெட்கம்."

"என்னத்தை எடுக்கிறது?"

"ஹோலை எடுங்கோவன். அந்தக் கதவு மூலையில, முதுகை ஒட்டி நில்லுங்கோ. கொஞ்சம் குனிஞ்சு."

"மலர், உமக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

"எட்டாம் வகுப்பில படிப்பிச்சவை."

எடுத்தார். பார்த்தார். வாய் மூடவில்லை. எங்கள் சீமெந்து நிலம் விமான ஓடுபாதை மாதிரி ஜன்னல் வரை போனது. ஜன்னல் அடுத்த ஊரில் இருந்தது.

"இரத்தினம்மா மச்சாளுக்கும் காட்டுங்கோவன்," என்றேன் மெதுவாக. "அவ இந்த வீட்டைக் காணவே இல்லையே."

இரத்தினம்மா இவருடைய அக்கா. ரொறன்ரோவில் இருக்கிறா. இவர் உலகத்தில் பயப்படுகிற ஒரே ஆள். முப்பத்தெட்டுப் பேர் உள்ள குடும்ப வட்ஸ்அப்பில் இவர் தன் கையாலேயே படத்தைப் போட்டார். கீழே எழுதினார்: "எங்கள் இல்லம். எந்தத் திருத்தமும் செய்யப்படாத அசல் படம்."

லண்டனில் இருந்து கை தட்டினார்கள். நோர்வேயில் இருந்து பூ வந்தது. மச்சாள் மூன்று இதயம் அனுப்பினா. இவர் சேட் இல்லாத நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தார். நான் குசினிக்குள் போய், ஒரு விரலால், எழுத்துக் கூட்டிக் கூட்டி, அதற்குக் கீழே இப்படி எழுதினேன்: "மச்சாள், சாமினிக்கு முழங்கால் ஒப்பரேசன். வந்து நிக்கக் கேட்டாள். இஞ்சை இடமில்லை எண்டு இவர் கவலைப்படுகிறார்."

இரண்டு நிமிடம் போகவில்லை, இவருடைய போன் அலறியது. காதில் வைக்காமலே எனக்குக் கேட்டது.

"தம்பி! அரண்மனை மாதிரி ஹோலை வைச்சுக்கொண்டோ ஒரு நோயாளிக்கு இடமில்லை எண்டனீ?"

"அக்கா, அது... அது லென்ஸ் அக்கா."

"லென்ஸ் என்ன, இல்லாத நிலத்துக்குச் சீமெந்து போடுமோ?"

"இல்லை அக்கா, அது கொஞ்சம் பெரிசாக் காட்டும்."

"அப்ப அசல் படம் எண்டு முப்பத்தெட்டுப் பேருக்குப் பொய் எழுதினனியோ?"

ஒன்றில் ஹோல் பெரிது, இல்லாவிட்டால் தான் பொய்யன். பொய்யன் என்றால் திருகோணமலைப் படம் ஒன்றையும் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

"பெரிசுதான் அக்கா," என்றார், களவு பிடிபட்டவர் மாதிரி.

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. சாமினி வந்தாள். மெத்தை வந்தது. நாலு காலில் நிற்கும் ஊன்றுகோல் வந்தது. இவர் சேட் போட்டார். தினமும் பல்கனிக்குப் போக ஊன்றுகோலைத் தாண்டி, மெத்தையைச் சுற்றி, ரீவி வயரைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு தரமும் எனக்குக் கேட்கக் கூடியதாகப் பெருமூச்சு விட்டார். நான் இவர் விழுந்து இரண்டாவது முழங்காலும் வந்துவிடுமோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

"அத்தான், உங்களுக்குக் கரைச்சலாக் கிடக்கோ?" என்று சாமினி கேட்டாள்.

"சீச்சீ," என்றார் ஊன்றுகோலுக்கு மேலால்.

பத்தாம் நாள் பொறுக்க முடியவில்லை. பழைய நீட்டு லென்ஸைத் தேடி எடுத்தார்.

"என்ன செய்யப் போறியள்?"

"உண்மையைக் காட்டப் போறன். அகலமானதால கெட்ட பேரை நீட்டு லென்ஸால கழுவப் போறன்."

குசினியின் அந்தலையில், அடுப்போடு முதுகு சுட நின்று, ஹோலை மறுபக்கத்தில் இருந்து எடுத்தார். சும்மா சொல்லக் கூடாது, படம் பயங்கரம். ரீவிக்கு மேல் கதிரை, கதிரைக்கு மேல் உடுப்பு, உடுப்புக்குள் சாமினியின் தலை. எல்லாம் ஒன்றுக்கு மேல் ஒன்று அடுக்கினது போல. வெளிச்சமே இல்லை. மச்சாள் இதைப் பார்த்தால் தங்கையை நாளைக்கே லொட்ஜில் விடச் சொல்லுவா.

இந்தத் தரம் இவர் குடும்பத்துக்குப் போடவில்லை. அக்காவுக்கு மட்டும் அனுப்பினார். "அக்கா, நீங்களே பார்த்து ஒரு முடிவு சொல்லுங்கோ" என்று எழுதிவிட்டு, நான் கேட்கட்டும் என்று போனை மேசை நடுவில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் குரல்பதிவு வந்தது. வெற்றிவீரன் மாதிரி அமத்தினார்.

"தம்பி, உன்னை அண்டைக்கு ஏசினது பிழையடா. பின்னுக்கு இப்பிடி ஒரு அறையும் இருக்கெண்டு நீ சொல்லவேயில்லை. சாமினிக்குத் தனி அறை குடுத்திருக்கிறாய், கடவுள் உன்னை நல்லா வைச்சிருப்பார். கொஞ்சம் நெருக்கம்தான், ஆனா நோயாளிக்குக் காணும். அப்ப அந்தப் பெரிய ஹோல் சும்மாதானே கிடக்கு? ஓகஸ்டில நாங்கள் ஆறு பேர் வாறம். ஹோட்டலைக் கான்சல் பண்ணிட்டன்."

சாமினி மெத்தையில் இருந்து என்னைப் பார்த்தாள். நான் இவரைப் பார்த்தேன். இவர் இரண்டு லென்ஸையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சொல்லுங்கோவன்," என்றேன். "ரெண்டும் ஒரே அறைதான் எண்டு."

"எப்பிடிச் சொல்லுறது? எந்தப் படம் பொய் எண்டு கேப்பா."

"எந்தப் படம் பொய்?"

அவர் யோசித்துக்கொண்டு இருக்கும்போதே போன் திரும்பவும் மணியடித்தது. மச்சாளின் இரண்டாவது குரல்பதிவு, சின்னது.

"தம்பி, நீயும் மலரும் படுக்கிற அறையை மட்டும் இன்னும் காட்டேல்லை. மருமகனுக்கு ஏசி வேணும், அதையும் ஒருக்கா எடுத்து அனுப்பு."