நகராத எண்ணெய்

எண்ணெய் நகரவில்லை.

சௌம்யா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். திரையில் நீல நிறத் தண்ணீர் பாறைக்குள் புகுந்து முட்டியது, மோதியது, சந்து சந்தாகச் சுற்றி வந்து கெஞ்சியது. மஞ்சள் நிற எண்ணெய் மட்டும், பந்தியில் முதல் இலையைப் பிடித்துவிட்ட பெரிய மாமாவைப் போல இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் ஒரு வால்வு தொழிற்சாலைக்கு மேல்மாடியில் இருந்தது அவள் வேலை பார்த்த கம்பெனி. எண்ணெய்க் கம்பெனிகள் பூமிக்கடியிலிருந்து எடுத்த பாறைத் துண்டை ஸ்கேன் செய்து, படத்தை மட்டும் அனுப்பும். அந்தப் பாறையின் மயிரிழைத் துளைகளை இவர்கள் கம்ப்யூட்டரில் அப்படியே கட்டி, உள்ளே தண்ணீரை விட்டு, எண்ணெய் எப்படி வெளியே வரும் என்று பார்த்துச் சொல்வார்கள். நிஜப் பாறையை இங்கே யாரும் கையால் தொட்டதில்லை.

"என்னம்மா, வந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் முதலாளி பத்ரிநாத். மூன்று தலைமுறையாகப் பெங்களூரு. பதற்றம் வந்தால் மட்டும் கன்னடம் வரும்.

"ஒரு சொட்டுகூட வரலை சார்."

"ஐயோ தேவரே! மத்தியானம் கஸ்டமர் வர்றாங்க. இந்த ஆர்டர் கிடைக்கலைன்னா நாம எல்லாரும் கீழ வால்வு கம்பெனிக்குத்தான் பயோடேட்டா கொடுக்கணும். பிரஷரை ஏத்து."

ஏற்றினாள். தண்ணீர் அகலமான ஒரே ஒரு பாதையைக் கண்டுபிடித்து, அதன் வழியாக விறுவிறுவென்று ஓடி மறுபக்கம் போய்ச் சேர்ந்தது. எண்ணெய் இரு பக்கமும் நின்று வேடிக்கை பார்த்தது.

"வெறும் தண்ணிதான் சார் வெளிய வருது."

"தண்ணி வேணும்னா அவங்க போர்வெல் போட்டுக்க மாட்டாங்களா? எண்ணெய் ஏன் வரலை?"

"அதுக்கு அந்தப் பாறையை ரொம்பப் பிடிச்சிருக்கு சார். சுவரோட ஒட்டிக்கிட்டு நிக்குது."

"பிடிக்காம பண்ணு!"

பாறைக்கும் எண்ணெய்க்கும் ஆகாதபடி எண்களை மாற்றினாள். எண்ணெய் சுவரை விட்டு விலகியது. உருண்டை உருண்டையாகத் திரண்டது. திரண்டு நேராகப் போய், குறுகலாக இருந்த வாசலில் எல்லாம் ஒவ்வொன்றாக உட்கார்ந்துகொண்டது. இதுவரை ஓடிக்கொண்டிருந்த தண்ணீரும் நின்றுபோனது.

"இப்ப தண்ணியும் வரலை சார்."

பத்ரிநாத் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "எண்ணெயை இளக்கு. அவங்க கொடுத்திருக்கிற அளவு ரொம்பக் கெட்டி. மார்கழி மாசத்துத் தேங்காயெண்ணெய் மாதிரி இருக்கு."

"அவங்க கொடுத்த அளவை நாம எப்படி சார் மாத்தறது?"

"இளக்குன்னு சொன்னேன்."

இளக்கினாள். அவ்வளவுதான், எண்ணெய் அணை உடைந்தாற்போலப் பாய்ந்தது. வெளியே வந்தது எத்தனை சதவீதம் என்று காட்டும் முள் எண்பது, தொண்ணூறு என்று ஏறி, நூறைத் தாண்டியும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

"சார், கணக்கு பிசகிடுச்சு. உள்ள இருந்ததை விட அதிகமா வெளிய வந்திருக்கு."

"நல்லதுதானே! கஸ்டமருக்குச் சந்தோஷம்."

பக்கத்து மேஜையில் படங்களுக்கு வண்ணம் கூட்டும் வேலையிலிருந்த அபினவ் தலையை நீட்டினான். "அதிகப்படி எண்ணெய் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டா சார்?"

"பக்கத்துக் கிணத்துலேர்ந்துன்னு சொல்லு!" என்று எரிந்து விழுந்த பத்ரிநாத், உடனே குரலைத் தாழ்த்தினார். "அபினவ், போன வருஷம் வேற ஒரு பாறைக்கு வீடியோ பண்ணினோமே, எண்ணெய் அருவி மாதிரி கொட்டுமே, அதை எடு. பேரை மாத்திப் போடு."

"சார், அது வேற பாறை!" என்றாள் சௌம்யா.

"பாறைக்கு மூஞ்சியா இருக்கு, அடையாளம் கண்டுபிடிக்க?"

அவர் சட்டை மாற்றிக்கொள்ளப் போனார். சௌம்யாவுக்கு மனசு ஆறவில்லை. மாற்றிய எண்களையெல்லாம் கஸ்டமர் கொடுத்தபடியே திருப்பி வைத்தாள். அவர்கள் கொடுத்த தகவலில் எண்ணெய் வெவ்வேறு சூட்டில் எப்படி இருக்கும் என்ற விவரமும் இருந்தது. இதுவரை யாரும் அதைத் தொடவில்லை. பிரஷரை அடியோடு நிறுத்திவிட்டு, பாறையை லேசாகச் சூடாக்கிப் பார்த்தாள்.

மஞ்சள் நிறம் அசைந்தது. யாரும் தள்ளவில்லை, யாரும் கெஞ்சவில்லை. துளை துளையாக இளகி, தானாகவே கசிந்து விளிம்பில் வந்து நின்றது.

"அபினவ், இங்க பாரேன்!"

அபினவ் பார்க்கவில்லை. ஜன்னலோரம் நின்று, "பந்துபிட்ரு! வந்துட்டாங்க!" என்று அலறிக்கொண்டிருந்தான். வழியிலிருக்கும் சந்தாபுரா சிக்னலில் அன்றைக்கென்று டிராஃபிக் இல்லை. கஸ்டமர்கள் சென்னையிலிருந்து சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து இறங்கிவிட்டார்கள்.

வந்தவர்கள் இரண்டு பேர். எண்ணெய்க் கம்பெனியின் பெரிய அதிகாரி இராஜமாணிக்கம், சிரிப்பதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும் என்பது போன்ற முகம். கூட வந்தவர் அன்னம்மாள், ஸ்கேன் எடுத்து அனுப்பிய ஆய்வகத்தின் தலைவி. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

வீடியோ ஓடியது. எண்ணெய் குதித்துக் கும்மாளமிட்டு வெளியேறியது. பத்ரிநாத் அதற்கு ஈடாகப் பொங்கினார். "பாருங்க சார், எவ்வளவு அழகா வருது!"

இராஜமாணிக்கம் கொட்டாவியை அடக்கிக்கொண்டு பேனாவை மூடினார். "இவ்வளவுதானா?"

"வேணும்னா இன்னும் வரும் சார்!"

அதற்கு மேல் சௌம்யாவால் பொறுக்க முடியவில்லை. எழுந்து வீடியோவை நிறுத்தினாள்.

"மன்னிச்சிடுங்க சார். இது உங்க பாறை இல்லை."

அவளை எச்சரிக்க மேஜைக்கடியில் பத்ரிநாத் நீட்டிய கால், இராஜமாணிக்கத்தின் ஷூவை மிதித்தது.

"எங்க பாறை எங்கம்மா?" என்றார் இராஜமாணிக்கம், காலை நகர்த்திக்கொண்டு.

சௌம்யா உண்மையான படத்தைப் போட்டாள். நீலம் முட்டியது. மஞ்சள் நகரவில்லை. "உங்க பாறையிலேர்ந்து தண்ணியைத் தள்ளி ஒரு சொட்டு எடுக்க முடியாது சார்."

"அழுத்தம் கொடுத்தா?"

"அழுத்தினா பாறை தாங்காது. பாறையோட பலத்துக்கு நீங்க கொடுத்த அளவை வெச்சுப் பார்த்தா பொடிப்பொடியா உதிர்ந்துடும். இவ்வளவு துளையும், இவ்வளவு மெல்லிசான சுவரும் நான் எந்தப் பாறையிலயும் பார்த்ததில்லை."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க?"

"லேசா சூடு காட்டுங்க சார், போதும். தள்ளவே வேண்டாம். தானா கசிஞ்சு வரும்."

பத்ரிநாத் கண்ணை மூடிக்கொண்டார்; மூடிய கண்ணுக்குள் வால்வுகள் தெரிந்திருக்க வேண்டும்.

இராஜமாணிக்கம் அன்னம்மாளைத் திரும்பிப் பார்த்தார். அன்னம்மாள் மெல்லத் தலையாட்டினார். உடனே அந்த இறுகிய முகம் உடைந்து, பெரிய மனிதர் மேஜையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார்.

"யாரு உள்ளதை உள்ளபடி சொல்றாங்கன்னு பார்க்க, இதே ஸ்கேனை இந்த வேலை தெரிஞ்ச எல்லாக் கம்பெனிக்கும் அனுப்பினோம். போன இடத்துல எல்லாம் எண்ணெய் ஆறா ஓடுச்சு. ஒருத்தர் கடல் மாதிரியே காட்டினார். வராதுன்னு சொன்ன ஒரே ஆள் இந்தப் பொண்ணுதான். ஆர்டர் உங்களுக்குத்தான் சார். எங்க கிணறு அத்தனையும் இனிமே இவங்க பார்க்கட்டும். இவங்க சொல்றதை யாரும் மாத்தக் கூடாது."

பத்ரிநாத் கண்ணைத் திறந்தார். "நானும் காலையிலேர்ந்து இதையேதான் சார் சொல்லிக்கிட்டிருக்கேன்."

அபினவுக்குப் பலமாக இருமல் வந்தது.

சௌம்யாவுக்குச் சந்தோஷத்தில் நிற்கவும் தோன்றவில்லை, உட்காரவும் தோன்றவில்லை. எத்தனை கிணறுகள்! அத்தனைக்கும் அவள் சொல்வதுதான் சொல். கீழே வால்வு தொழிற்சாலையின் இரைச்சல்கூட அவளுக்கு மேளச் சத்தமாகக் கேட்டது. கைகுலுக்கல் எல்லாம் முடிந்து அவர்கள் கிளம்பும்போதுதான் அந்தச் சந்தேகம் எழுந்தது. லிஃப்ட் வாசலில் அன்னம்மாளை நிறுத்தினாள்.

"மேடம், நான் சொன்னதுதான் சரின்னு உங்களுக்கு எப்படி அவ்வளவு உறுதியாத் தெரிஞ்சுது? அந்தப் பாறையை எந்த ஊர்ல தோண்டி எடுத்தீங்க?"

அன்னம்மாள் முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"பாறை எங்கம்மா இருந்துச்சு? எங்க வீட்டு அடுப்புல நானே கிண்டின மைசூர்பாகு அது. நெய்தான் கொஞ்சம் தாராளமா ஊத்திட்டேன்."