முப்பது வேட்டியும் ஒரு நாரைக் குஞ்சும்

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். மூன்றாம் பாரத்தை இரண்டு தடவை படித்தும் அதைத் தாண்டாதவன் நான். பேனாவைக் கையில் எடுத்தால் முதலில் வருவது கொட்டாவிதான். ஆனால் போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரர் இந்தக் கதையை என்னிடமே சொன்னார். அவர் சொன்ன கதையில் நான் கோமணத்தோடு ஏரியில் குதித்து நீந்தித் தப்புகிறேன்! சுத்தப் பொய். நான் குதிக்கவே இல்லை. (கோமணம் மட்டும் நிஜம்.) பொய் சொல்வது எங்கள் தெருவில் என்னுடைய வேலை. அதையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்வது? அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

ஞானமுத்து என்று எனக்கு ஒரு சிநேகிதன். சின்ன வயதில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தோம். அவன் படித்துப் படித்து வாத்தியாராகிவிட்டான். நான் படிக்காமல் படிக்காமல் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் மாமாவின் தறியில் உட்கார்ந்துவிட்டேன். ஞானமுத்துவின் பள்ளிக்கூடம் ஒரு தகரக் கொட்டகை. வெயில் ஏறினால் பிள்ளைகள் உள்ளே இட்லி மாதிரி வெந்துபோவார்கள். அதனால் அவன் அவர்களை ஓட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டி, திருப்பருத்திக்குன்றத்துக்கும் அப்பால் உள்ள ஒரு சின்ன ஏரிக்கரைத் தோப்புக்குப் போய்விடுவான். அங்கே ஐம்பது அறுபது பெரிய மரங்கள். மரத்துக்கு மரம் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டியிருக்கும். புத்தகம் கிடையாது, பலகை கிடையாது. எந்தப் பறவை எந்த மரத்தில் தங்குகிறது, என்ன தின்கிறது, எத்தனை முட்டை என்று பார்த்துச் சொல்வதுதான் பாடம்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை அவன் எனக்கு மட்டும்தான் சொன்னான். ஊருக்குள் எந்தத் தெருவில் போய் நின்றாலும் அவன் பிள்ளைகளை "எட்டி நில்லு" என்று சொல்ல ஒருத்தர் இருப்பார். மரத்தடியில் அப்படிச் சொல்ல ஆள் இல்லை.

அந்த மரங்களையெல்லாம் விறகுக்கு ஏலம் விடப்போகிறார்கள் என்று ஒரு நாள் சேதி வந்தது. ஞானமுத்து மனு எழுதிக்கொண்டு தாசில்தாரிடம் ஓடினான். தாசில்தார் மூக்குக்கண்ணாடி வழியாக அவனைப் பார்த்து, "நாலு பிள்ளைகள் வேடிக்கை பார்க்க ஒரு தோப்பா? ஊர் ஜனங்களுக்கு அக்கறை இருந்தால் வந்து காட்டட்டும். மாசி மூன்றாம் சனிக்கிழமை காலையில் நேரில் வருகிறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஞானமுத்து முகம் தொங்கிப்போய் என் தறிக்கு வந்தான்.

"ஊர் ஜனங்க எங்கேபா வரப்போறாங்க? கொக்கைப் பார்க்க வான்னா சிரிக்கிறாங்க."

"அட, இதுக்கா அழுவுறே? முப்பது பேரைக் கூட்டிக்கினு வரேன், போ!"

"விளையாடாதே ஏகாம்பரம். இது போச்சுன்னா பசங்களுக்கு வேற இடம் கெடையாது."

"முப்பது பேர். ஒண்ணு கொறைஞ்சாலும் என் மீசையை எடுத்துக்க."

(அப்போது எனக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. அவனும் பதற்றத்தில் அதைக் கவனிக்கவில்லை.)

முப்பது பேரை எப்படிக் கூட்டுவது? இங்கேதான் என் மூளை வேலை செய்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் தலையில் குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

எங்கள் ஊரில் பட்டுப் பாவு என்கிற புடவையின் நீள இழைகளை விடிகாலையில் தெருவில்தான் நீட்டுவோம். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஆயிரக்கணக்கான இழைகளை இழுத்துக் கட்டி, அறுந்த இழையை முடிந்து, சீராக்கிச் சுருட்டி எடுக்க வேண்டும். ஒரு பாவுக்குப் பத்துப் பேராவது நிற்க வேண்டும். பாதியில் விட்டால் இழை சிக்கிக்கொள்ளும். அப்புறம் அது பட்டு இல்லை, குருவிக் கூடு. அந்த மாசத்தில் அம்மன் உற்சவம். தெருவெல்லாம் பந்தல், கோலம், சாமி புறப்பாடு. பாவு நீட்ட ஒரு முழம் இடம் இல்லாமல் எங்கள் தெருவே திண்டாடிக்கொண்டிருந்தது.

மாமாவிடம் போனேன். மாமா எங்கள் தெருவுக்கே பெரியவர். கோபத்திலும் பெரியவர். வாலாஜா பக்கத்து ஒரு கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை நெய்ய அரக்குச் சிவப்புப் பாவை வைத்துக்கொண்டு தெருவில் இடம் தேடிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒரு இடம் பார்த்து வெச்சிருக்கேன். ஜட்கா வராது. நாய் குறுக்கே ஓடாது. வரிசையா மரம். பந்தல் போட்டாப்பல நெழல்."

"வெயில் விழுமாடா? பட்டு முறுக்கிக்கும்."

"ஒரு பொட்டு வெயில் விழாது மாமா. நானாச்சு."

மாமா சம்மதித்ததும் இன்னும் இரண்டு வீட்டுப் பாவும் சேர்ந்தது, பாவுக்குப் பத்துப் பேராக முப்பது பேர் கணக்கு சரியானது. வெயில் விழாது என்று நான் சொன்னது சத்தியமான வார்த்தை. வேறு ஏதாவது விழுமா என்று அவர் கேட்கவில்லை.

எனக்கும் தெரியாது. நான் அந்தத் தோப்புக்குக் கடைசியாகப் போனது தை மாதத்தில். அப்போது பறவைகள் எல்லாம் முட்டைமேல் கண்ணை மூடிக்கொண்டு, பூசையில் உட்கார்ந்த மாதிரி இருந்தன. இதுகளைவிடச் சாது உண்டா என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை ஞானமுத்து மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"ஏகாம்பரம்! பொரிச்சிடுச்சுபா! மரம் பூரா குஞ்சு! கத்துதுங்க, துன்னுதுங்க, காது கிழியுது!"

"அப்படியா? பேர் வெச்சிட்டியா? தொட்டில் கட்ட மாமனைக் கூப்பிட்டியா?" என்று கேலி செய்து அனுப்பினேன். பாவு நீட்டத்தான் ஆட்கள் வருகிறார்கள் என்று அவனுக்கு நான் சொல்லவில்லை. திடீரென்று காட்டி அசத்த வேண்டும் என்று ஆசை!

சனிக்கிழமை விடிகிற நேரத்தில் மூன்று பாவும் முப்பது பேரும் தோப்பில் இருந்தோம். ஞானமுத்துவின் பிள்ளைகள் கரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஞானமுத்து பாவைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போல என்று நினைத்து நான் அவன் முதுகில் தட்டினேன்.

மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டினோம். அரக்குச் சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று, மஞ்சள் ஒன்று. அந்த நிழலில் மூன்று பாவும் மினுமினுவென்று நின்றதைப் பார்த்து மாமாவே, "பரவாயில்லியேடா! உனக்கும் தலைக்குள்ளே ஏதோ இருக்குதுபோல" என்றார். என் ஆயுசில் அவர் என்னைப் புகழ்ந்தது அந்த ஒரு தடவைதான். ஏறக்குறைய கால் மணி நேரம் நீடித்தது.

சூரியன் ஏறியது. ஏரிப் பக்கமிருந்து தாய்ப் பறவைகள் கூட்டம் கூட்டமாக மீனோடு வந்து இறங்கின. அவ்வளவுதான்! அத்தனை கூட்டிலும் அத்தனை குஞ்சும் கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரே கூச்சல். ஒரு பக்கம் மீன் உள்ளே போகப் போக, மறுபக்கம்... எப்படி எழுதுவது? கூட்டை அசிங்கம் செய்யக்கூடாது என்று நாரைக் குஞ்சுக்கு யாரோ நல்ல பழக்கம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒழுங்காகத் திரும்பி நின்று, வாலைத் தூக்கி, கூட்டுக்கு வெளியே பீச்சுகிறது. சுண்ணாம்பு அடிக்கிறவன் மட்டையை உதறினால் எப்படி? அப்படி!

முதல் சொட்டு அரக்குச் சிவப்பின் நட்டநடுவில் விழுந்தது.

"டேய்ய்ய்... ஏகாம்பரம்!" மாமா போட்ட சத்தத்தில் நாலு கொக்கு பறந்தது. அதுகளும் போகிற போக்கில் தங்களால் ஆனதைக் கொடுத்துவிட்டுப் போயின.

மாமா குனிந்து ஒரு கல்லை எடுத்தார். அதற்குள் ஏரிக்குக் கீழே பயிர் வைத்திருக்கிற சமணர் நயினார் குறுக்கே வந்து நின்றுவிட்டார். ஓர் எறும்பைக்கூட மிதிக்காமல் தாண்டிப் போகிற மனிதர்.

"முதலியாரே, கல்லைக் கீழே போடும்! இதுங்க எச்சம் கலந்த தண்ணிதான் எங்க வயலுக்கு எரு. சாமி கொடுக்கறதை இன்னாத்துக்கு வையறீர்?"

"உம்ம வயலுக்குக் கொடுக்கட்டும்யா! என் பாவுக்கு இன்னாத்துக்கு?"

ஓடிவிடலாம் என்றால் பாவை விட்டுவிட்டு எப்படி ஓடுவது? பாதி முடிந்தாயிற்று, பாதி முடியவில்லை. துண்டைப் பிடித்துப் பார்த்தோம். போதவில்லை. மாமா ஒரு வினாடி யோசித்தார். தறிக்காரனுக்குத் தன் மானத்தைவிடப் பாவு பெரிது.

"வேட்டியை அவுருங்கடா!"

முதலில் அவரே அவிழ்த்தார். முப்பது வேட்டியும் கழன்றன. இரண்டு பேருக்கு ஒரு வேட்டி, நாலு மூலையும் பிடித்துப் பாவுக்கு மேலே பந்தல்! கிழவன், குமரன் எல்லாரும் கோமணத்தோடு, கையை உயரத் தூக்கிக்கொண்டு, அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். மீதி வேட்டிகள் காலடியில் கிடந்தன, எடுத்துக் கட்டிக்கொள்ளக் கை ஒழியவில்லை. பிள்ளைகள் வாய் பொத்திச் சிரித்தார்கள்.

அந்த நேரத்தில் ஜட்கா வந்து நின்றது.

தாசில்தார் இறங்கினார். குடையை விரித்தார். (புத்திசாலி.) எங்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடியும் பார்த்தார்.

"இதென்ன கோலம்? யார் நீங்களெல்லாம்?"

ஞானமுத்து வெளுத்துப்போய் நின்றான். அவனுக்குப் பொய் வராது. மாமாவுக்கு உண்மை தொண்டைவரை வந்துவிட்டது. அந்த முகமே சொன்னது. "இந்தச் சனியன் பிடிச்ச மரத்தை இன்னைக்கே வெட்டுங்க சாமி!" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் தோப்பும் போச்சு, ஞானமுத்துவும் போனான். எப்படி என் வாய் திறந்தது என்று எனக்கே தெரியாது.

"குஞ்சுங்க விழும் எசமான்! கூட்டிலேர்ந்து தவறிக் கீழே விழுந்தா அடிபட்டுப் பூடுமே, அதுக்குத்தான் துணி பிடிச்சிக்கினு நிக்கிறோம். எங்க தெரு ஜனங்களுக்கு இந்தத் தோப்புன்னா உசுரு!"

தாசில்தார் குடைக்கு அடியிலிருந்து என்னையே பார்த்தார்.

"வேட்டியை அவிழ்த்தா?"

"பட்டுக்காரங்க எசமான். மெத்துனு இருக்கணும்."

அவர் என்னை நம்பவில்லை. நேரே மாமாவிடம் போனார். "பெரியவரே, நீர் சொல்லும். உமக்கு இந்தத் தோப்பு வேணுமா, வேண்டாமா?"

மாமா வாயைத் திறந்தார். அந்தக் கணத்தில் மேலே ஏதோ சலசலத்தது. பொத்தென்று மாமாவின் வேட்டி நடுவில் ஒரு நாரைக் குஞ்சு வந்து விழுந்தது!

சத்தியமாகச் சொல்கிறேன். இந்தக் கதையில் நான் சேர்க்காத சங்கதி இது ஒன்றுதான்.

பஞ்சு மாதிரி உடம்பு, தள்ளாடுகிற கழுத்து. ஒரு தரம் புரண்டு எழுந்தது. மாமாவை அண்ணாந்து பார்த்து, அவரே மீன் கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்ததுபோல வாயை அகலத் திறந்தது. மாமாவின் வாயும் திறந்தபடியே இருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிள்ளைகளில் செல்லி என்று ஒரு பெண் எழுந்து ஓடிவந்தாள். "அசையாதே தாத்தா! பயந்து கக்கிடும். மூணாவது கிளைக் கூட்டுக் குஞ்சுதான் இது. அங்கே ரெண்டு குஞ்சு, சின்னது எப்பவும் ஓரத்துலேதான் நிக்கும்."

"எந்தப் புஸ்தகத்தில் படித்தாய் இதை?" என்றார் தாசில்தார்.

"அந்த மரத்துலே" என்று செல்லி கையை நீட்டிக் காட்டினாள்.

தாசில்தார் அந்தக் கிளையை அண்ணாந்து பார்த்தார். மாமாவைப் பார்த்தார். மாமா குஞ்சைப் பார்த்தபடியே, யாரிடமோ சொல்கிற மாதிரி, "மெதுவா மேலே வையுங்கபா. பாவம், பசிக்குதாட்டம் இருக்குது" என்றார். ஞானமுத்து அதை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு மரம் ஏறினான். அவன் இறங்குகிறவரை முப்பது பேரும் மூச்சுவிடவில்லை. தாசில்தாரின் குடையில் நாலைந்து இடம் வெள்ளை. அவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

தோப்பு தப்பித்தது!

ஒரு மாதம் கழித்து உத்தரவு வந்தது. தெரு ஜனங்கள் கூடி என்னைப் படிக்கச் சொன்னார்கள். மரங்களை வெட்டக்கூடாது, பிள்ளைகள் அங்கே பாடம் படிக்கலாம், எல்லாம் படித்தேன். கடைசி வரியை மட்டும் மெதுவாக மடித்துவிட்டேன். பாவி ஞானமுத்து காகிதத்தைப் பிடுங்கி உரக்கப் படித்தான்: இந்தத் தெரு நெசவாளர்கள் செய்துவரும் அரிய தொண்டை மெச்சுகிறோம், இனி வருஷா வருஷம் குஞ்சு பொரிக்கும் காலத்தில் சனிக்கிழமைதோறும் அவர்கள் தவறாமல் துணி பிடித்து வர வேண்டும்.

முப்பது தலைகளும் ஒன்றாக என் பக்கம் திரும்பின. நான் ஓடினேன். (ஏரிப் பக்கம் இல்லை.)

ஆறு வருஷம் ஆகிறது. இப்போதும் மாசி பிறந்தால் எங்கள் தெரு ஆட்கள் சனிக்கிழமை காலையில் தோப்பில் நிற்கிறார்கள். பாவு கிடையாது, வெறும் துணி. இடுப்பில் ஒன்று, பிடிக்க ஒன்று என்று இரண்டு வேட்டியாகக் கொண்டுவருகிறார்கள். இந்த வருஷம் மட்டும் ஐந்து குஞ்சு பிடித்திருக்கிறோம். மாமா இரண்டு. அதைச் சொல்லாமல் அவர் சாப்பிட உட்காருவதில்லை. அந்த அரக்குச் சிவப்புப் பாவில் விழுந்த கறை போகவில்லை. மறுபடியும் சாயத்தில் முக்கி, நாவல்பழ நிறமாக்கித்தான் புடவை நெய்தார். கல்யாண வீட்டில் அந்த நிறத்தைப் பார்த்து மயங்கிப்போனார்களாம். எங்கள் வீட்டில் அதற்கு இப்போதும் 'ஏகாம்பரச் சாயம்' என்று பெயர். புதிதாக வருகிற மருமகள்களுக்கெல்லாம் முதலில் அந்தச் சாயத்தின் கதையைத்தான் சொல்கிறார்கள்.

நேற்றுச் சனிக்கிழமை. ஒரே வேட்டியின் இரண்டு முனையை நானும் ஞானமுத்துவும் பிடித்துக்கொண்டு நின்றோம். கை கழன்றுவிடும்போல வலி. தோளில் வேறு இரண்டு சொட்டு.

"ஞானம், ஆறு வருஷமா ஒரு பொய்யைத் தூக்கிக்கினு நிக்கிறோம். தாசில்தார்கிட்டே போய் உள்ளதைச் சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன்.

மேலே கிளையையே பார்த்துக்கொண்டு ஞானமுத்து சொன்னான்:

"சொல்லுபா, ஆனா துணியைக் கீழே விடாம சொல்லு."