தண்ணீர்த் தொட்டிக்கு நான் போட்ட மாலை

இதை எழுத வேண்டும் என்று பேனாவை எடுப்பதும் வைப்பதுமாகவே வருடங்கள் ஓடிவிட்டன. எட்டாவது வரை படித்தவள், பிழை வருமே என்ற பயம் ஒரு பக்கம். என் கதையைக் கேட்டுவிட்டுச் சாமியைக் குறை சொல்வார்களோ என்ற பயம் இன்னொரு பக்கம். சாமி மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பெல்லாம் என் புத்தியில் இருந்ததுதான்.

ராமேஸ்வரத்தில், கோயிலுக்குப் போகிற வழியில் சங்கும் பாசிமணியும் விற்பது என் பிழைப்பு. கடலோரத்தில் எங்கள் காலனி. கிணற்றுத் தண்ணீர் உப்பு. கக்கூஸ் குழிகளும் கிணற்றை ஒட்டியே இருந்தன. அந்தத் தண்ணீரைக் குடித்துப் பக்கத்து வீட்டுப் பிலோமினாவின் மகள் ஜெனிட்டா வாந்திபேதியில் கிடந்து பிழைத்தது பெரிய காரியம். பிலோமினா மாதாவிடம் அழுதாள், நான் ராமநாதசாமியிடம் அழுதேன். பிறகு காலனிப் பெண்கள் எல்லோரும் குடத்தோடு நகராட்சி வாசலில் போய் உட்கார்ந்தோம். ஒருவழியாக நல்ல தண்ணீர்த் தொட்டியும் தெருக்குழாயும் வந்தன.

திறப்புக்கு முந்தின சாயங்காலம், தொட்டியைக் கழுவி மருந்து கலந்து நிரப்பிய இன்ஜினியர் பெண், தொட்டியை ஒட்டிய வீடு என்பதால் மூடியின் சாவியை என்னிடம் கொடுத்தார்.

"யாரையும் திறக்க விடாதீங்கம்மா."

"என்னையத் தாண்டி ஒரு ஈ போகாது தாயி."

(ஈ போகவில்லை. நான்தான் போனேன்.)

விடிந்ததும் மனசு கேட்கவில்லை. புது ஆட்டோவுக்கு மாலை போடுகிறோம், புதுப் படகுக்கு மாலை போடுகிறோம். கங்கையே வந்து இறங்கியிருக்கிற தொட்டி மொட்டையாக நிற்கலாமா? வாசலில் நின்ற செவ்வரளியைப் பறித்து, என் கை பருமனுக்கு ஒரு மாலை கட்டி (என் கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சின்ன மாலை இல்லை), சேலையைச் செருகிக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறினேன். கீழே பல் விளக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "ஏ புள்ள, ஏணி பாவம், இறங்கு" என்றார்.

மேலே போட்டால் வெயிலில் வாடிவிடும். கங்கம்மாளும் உள்ளேதானே இருக்கிறாள்? மூடியைத் திறந்து, கும்பிட்டு, மாலையை உள்ளே விட்டேன். அது சுற்றிச் சுற்றி மிதந்ததைப் பார்த்து எனக்கு அழுகையே வந்தது. பூட்டை மட்டும் மறக்காமல் பூட்டினேன்.

திறப்பு நேரம். முதல் டம்ளர் ஜெனிட்டாவுக்கு என்று முன்பே பேசிவைத்திருந்தோம். கவுன்சிலர் குழாயைத் திருகினார். குழாய் இருமியது, தண்ணீர் வந்தது, கூடவே சிவப்பாகப் பூவிதழும் வந்தது.

"கங்கம்மா வந்துட்டா!" என்று யாரோ குலவை போட்டார்கள். ஜெனிட்டா டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"குடிக்காத பாப்பா! அது அரளி!" என்று இன்ஜினியர் பெண் பாய்ந்து தட்டிவிட்டார். டம்ளர் மணலில் போய் விழுந்தது.

"எவம்லே தொட்டில வெசத்தப் போட்டது?" என்று கூட்டத்தில் ஒரு ஆள் கத்தினான்.

எல்லோரும் மோட்டார் போடுகிற செல்வத்தைப் பார்த்தார்கள். ஒருவன் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே போனேன்.

"அவன விடுங்கப்பா. நாந்தான் போட்டேன். மாலை."

பிலோமினா மகளை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். "எம்புள்ளைக்கா மதினி?" என்றாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தொட்டித் தண்ணீர் முழுவதையும் மணலில் திறந்துவிட்டார்கள். வெறும் குடத்தோடு பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுபடி கழுவி, பரிசோதனைக்கு அனுப்பி, நல்ல பதில் வரும்வரை நகராட்சி அனுப்பிய லாரித் தண்ணீர்தான். பிலோமினா வீட்டுக் குடத்தை நிரப்பி அவள் வாசலில் வைத்துவிட்டுத்தான் என் குடத்தைத் தொட்டேன். அவள் முகம் கொடுக்கவில்லை.

இரண்டாவது திறப்புக்குக் கவுன்சிலரும் இல்லை, மைக்கும் இல்லை. பிலோமினா டம்ளரைப் பிடித்து, வெளிச்சத்தில் பார்த்து, என்னிடம் நீட்டினாள்.

"மொதல்ல நீ குடி மதினி."

மடமடவென்று குடித்தேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "சாகல" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, மகளுக்குப் பிடித்துக் கொடுத்தாள்.

இன்றைக்கும் நான் காப்பி கொடுத்தால் என் வீட்டுக்காரர், "மாலை போட்டதா, போடாததா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். என் மகள், அம்மாவின் மானத்தைக் காப்பாற்றுவதற்காக, புகுந்த வீட்டில் அதைத் துளசி மாலை என்று சொல்லிவைத்திருக்கிறாள். துளசி என்று கேட்டால், நல்லதுதானே என்று நாளைக்கு இன்னொருத்தி ஏணியில் ஏறுவாள். அரளி என்றே சொல்லுங்கள்.