ஏழு கஞ்சாச் செடிகளும் என் தண்ணீர் முறையும்

நோயாளியைக் கைவிடாத அரசாங்கம் உலகத்தில் ஒன்றுதான் உண்டு, அது நம்முடையதுதான் என்று எந்தக் கோயில் வாசலிலும் நான் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. பொய் சொல்வதானால் எனக்குச் சின்னப் பொய்தான் வரும். இது பெரிய விஷயம். ஆகவே உண்மை.

நோயாளிகள் ஏழு பேர். ஏழும் கஞ்சாச் செடிகள்.

வெளிநாட்டு மிளகாய் வராமல் அரசாங்கம் தடுத்திருந்த காலம் அது. தீவெல்லாம் மிளகாய். எங்கள் ஊர் சரவணையில் நானும் ஆயிரத்து இருநூறு கண்டு நட்டிருந்தேன். அந்த வருஷத்துச் சோறு, துணி, கூரை வேய்வது எல்லாம் அதற்குள்தான். என் வேலிக்கு அடுத்த வளவுக்காரன் இளையதம்பிக்கு மட்டும் நாட்டுப்பற்று வேறு பக்கமாகப் போய்விட்டது. பனை வடலிகளுக்கு நடுவே அந்த ஏழு செடியையும் நட்டு வளர்த்தான். முழங்கால் உயரத்தில் பொலிஸ் பிடித்தது.

இளையதம்பியைப் பிணையில் விட்டார்கள். செடிகளை விடவில்லை. வழக்கு முடியும்வரை 'சான்றுப் பொருட்களை' நின்ற இடத்தில், நின்ற நிலையில், உயிரோடு பாதுகாக்க வேண்டும் என்று கோட்டில் நீதவான் வாயால் கட்டளை பிறந்தது. செடியை நின்ற நிலையில் நிற்பாட்ட ஒருவராலும் ஏலாது என்பது சட்டப் புத்தகத்தில் இல்லைப்போலும். வழக்கு மூன்று தவணை போவதற்குள் அவை ஆள் உயரம் வந்து பூவும் கட்டிவிட்டன.

பூத்த நேரம் பார்த்து நோய் வந்தது. அடியிலைகள் மஞ்சளித்தன. இரண்டு செடி தலையைத் தொங்கப்போட்டன. காவலுக்கு நின்ற கொன்ஸ்தாபிள் பரராசசிங்கம் வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தவனுடைய முகம்.

"இதுகள் செத்தால் என்ரை உத்தியோகமும் செத்துது அண்ணை" என்றான்.

அடுத்த நாள் காலை விவசாய இலாகாக் கந்தோர் ஜீப் வந்து நின்றது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஏனென்றால் என் மிளகாயில் இலை சுருளத் தொடங்கியபோது நான் மூன்று மனு எழுதுவித்து அனுப்பியிருந்தேன். ஜீப்புக்குப் பெற்றோல் இல்லை என்று ஒரு பதிலும், சாரதி இல்லை என்று இன்னொரு பதிலும் வந்தன. மூன்றாவதுக்குப் பதில் எழுதக் கடதாசி இல்லையாக்கும். ஏழு குற்றவாளிகளுக்குச் சுகமில்லை என்றதும் பெற்றோலும் சாரதியும் கடதாசியும் ஒரே இரவில் விளைந்துவிட்டன. இதைத்தான் பசுமைப் புரட்சி என்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இறங்கியவர் தில்லைநாதன் என்ற உத்தியோகத்தர். கையில் பூதக்கண்ணாடி, கக்கத்தில் தடித்த புத்தகம். ஒவ்வொரு செடிக்கும் முன்னால் குந்தியிருந்து இலையைத் திருப்பிப் பார்த்தார், தண்டை முகர்ந்தார். பிறகு புத்தகத்தைப் புரட்டினார். அதில் மிளகாய் இருந்தது, வெங்காயம் இருந்தது, கஞ்சா இல்லை. படித்த மனிசன் அதற்கெல்லாம் தளரமாட்டார். புகைக்கப்படும் பயிர் என்ற முறையில் புகையிலைதான் இதற்குக் கிட்டின சொந்தம் என்று தீர்மானித்து, புகையிலைக்குரிய பக்கத்தைத் திறந்து சத்தமாக வாசித்தார். அமோனியா உரம் தாராளமாக. தண்ணீர் அதைவிடத் தாராளமாக.

நான் வேலியில் இருந்த ஓட்டைப் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டினேன்.

"ஐயா, பத்தடி இஞ்சாலை. ஒருக்கா என்ரை மிளகாயையும் பாத்திட்டுப் போங்கோ."

"உம்மடை மிளகாயிலை வழக்கு ஏதும் இருக்கோ?"

"இல்லை ஐயா."

"அப்ப நான் என்னெண்டு பயண அறிக்கை எழுதிறது?"

நியாயமான கேள்வி. தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

மருந்து எழுதியாயிற்று. தண்ணீருக்கு எங்கே போவது? எங்கள் பக்கத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றுதான். அளவுக்கு மேல் இறைத்தால் உவர் ஏறிவிடும். ஆகவே மூன்று பங்காளிகளுக்கும் கிழமையில் இவ்விரண்டு நாள் முறை. மிச்ச ஒரு நாள் கிணற்றுக்கு ஓய்வு. ஒருவன் முறையில் இன்னொருவன் வாளி போடுவதில்லை. பங்காளி ஊரில் இல்லாவிட்டாலும் அவருடைய நாளில் கிணறு அவருக்காகச் சும்மா கிடக்கும். நாங்கள் அவ்வளவு மானஸ்தர்.

பொலிஸ் இன்ஸ்பெக்டர் ஐயா வந்து விசாரித்தார். முதற் பங்கு பிள்ளையார் கோயிலுக்கு. அதில் கைவைக்க அவருக்குத் துணிவில்லை. இரண்டாம் பங்கு வல்லிபுரத்தாருக்கு. அவர் தெற்கே காலியில் கடை வைத்திருக்கிறார், ஐந்து வருஷமாக வரவில்லை. அவருக்குக் கடிதம் போட்டுச் சம்மதம் வாங்க மாதம் செல்லும். மூன்றாம் பங்கு எனக்கு. மூன்று பேரிலும் கல்லாகவும் இல்லாமல் காலியிலும் இல்லாமல் இருந்தவன் நான்தான். என் முறையில் சான்றுப் பொருட்களுக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும் என்று கோட்டில் இன்னொரு கட்டளை பிறந்தது.

"நாட்டுக்காக எண்டு நினையும் தம்பிஐயா" என்றார் இன்ஸ்பெக்டர். நினைத்தேன். மிளகாய்க்கும் எடுத்துச் சொன்னேன். அது பூவை உதிர்த்தது.

பத்து நாள் வைத்தியம் நடந்தது. பம்பு வைத்து இறைத்தார்கள். ஏழு செடிக்கும் பாத்தி கட்டிக் குளம்போல நிறைத்தார்கள். உரத்தை விபூதிபோல் அள்ளிப் பூசினார்கள். நோய் இப்போது ஏழுக்கும் பரவிவிட்டது. இலைகள் நகம்போல உள்ளே வளைந்தன, நுனிகள் கருகின. கால் வைத்தால் நிலம் கணுக்கால்வரை இழுத்தது.

நாற்பது வருஷம் புகையிலை நட்டவன் நான். தண்ணீர் கூடிப்போயிற்று, நிற்பாட்டுங்கள் என்று பணிவாகச் சொன்னேன். தில்லைநாதன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தண்ணி உமக்கு வேணும். அதாலைதான் செடிக்குக் கூடிப்போச்செண்டு சொல்லுறீர். உம்மடை சொல்லிலை சுயநலம் கிடக்கு. அதைப் பதியேலாது."

அவருடைய நேர்மை என்னை உலுக்கிவிட்டது. ஒரு விஷயத்தால் நட்டப்படாதவன்தான் அதைப்பற்றி வாய் திறக்கலாம். இதை எனக்கு அதுவரை ஒருவரும் சொல்லித் தரவில்லை.

ஆகவே நட்டப்படாத ஒருவரைத் தேடினார்கள். புளியங்கூடலில் இருந்து பரியாரி ஆழ்வாப்பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். லேகியத்துக்குக் கஞ்சா சேர்க்கிறவர், செடியை அறிந்தவர். இன்ஸ்பெக்டர், உத்தியோகத்தர், கொன்ஸ்தாபிள் மூவரும் கைகட்டி நிற்க, பரியாரியார் தலை தொங்கிய இரண்டையும் தடவிப் பார்த்தார்.

"இது ரெண்டும் ஆண். மற்ற அஞ்சும் பெண். ஆண் பூத்துத் தூள் கொட்டினாப் பிறகு அதுக்கு வேலை இல்லை, காஞ்சு போகும். அது நோயில்லை, விதி."

"அப்ப மற்ற அஞ்சுக்கும்?" என்று கேட்டார் தில்லைநாதன்.

"அடியிலை பழுக்கிறது பூக்கிற காலத்திலை வாறதுதான். மிச்சமெல்லாம் நோய்தான்."

"என்ன நோய்?"

"நீங்கள்" என்றார் பரியாரியார். "வேர் அழுகுது. உரத்திலை நுனி எரியுது. இனி ஒருதரும் இதுகளுக்கு ஒண்டும் செய்யாதேங்கோ. தானாத் தேறும்."

மூவரும் திகைத்துப் போனார்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பது கந்தோர்களுக்குப் பழகின வித்தைதான். ஆனால் அதை வைத்தியமாக ஒருவரும் எழுதிக் கொடுத்ததில்லை. தில்லைநாதன் சுதாரித்துக்கொண்டு, 'கட்டுப்படுத்தப்பட்ட உலர்நிலைச் சிகிச்சை' என்று அதற்குப் பெயர் வைத்துத் தன் கையெழுத்தில் அறிக்கை அனுப்பினார்.

நான் நேரே இன்ஸ்பெக்டரிடம் போனேன். மிளகாயில் பாதி இன்னும் உயிரோடு நின்றது. இரண்டு முறை தண்ணீர் கிடைத்தால் தப்பிவிடும்.

"ஐயா, இனிச் செடிக்குத் தண்ணி வேண்டாமாம். வியாழக்கிழமை என்ரை முறையை நான் எடுக்கட்டோ?"

அவர் வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு விளக்கினார்.

"இறைக்கச் சொன்னது கோடு. ஊத்தச் சொன்னது கந்தோர். கந்தோர் நிப்பாட்டினபடியா நாங்கள் ஊத்தமாட்டம். ஆனால் இறைக்கிறதைக் கோடுதான் நிப்பாட்டலாம். அடுத்த தவணைக்கு இன்னும் இருபத்தொரு நாள் கிடக்கு."

அந்த இருபத்தொரு நாளிலும் என் முறை வந்த நாளெல்லாம் தவறாமல் இறைத்தார்கள். தண்ணீர் குழாயால் வந்து வேலிக்கு வெளியே ஒழுங்கைப் பாதையில் விழுந்து கடலைப் பார்த்து ஓடியது. நான் ஒரு நாள் வாளியைக் கொண்டுபோய் ஒழுங்கையில் குந்தினேன். பரராசசிங்கம் ஓடிவந்து வாளியைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணை, அது சான்றுத் தண்ணி. தொடேலாது."

என் பெண்சாதி செல்லாச்சி குசினியில் அரிசி கழுவின தண்ணீரையும் முகம் கழுவின தண்ணீரையும் சேர்த்துவைத்து நாளுக்கு இருபது கண்டுக்கு ஊற்றினாள். ஆயிரத்து இருநூறுக்கு அது எங்கே காணும்? அவள் கோபிக்கவில்லை. வெற்றுச் செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, நீங்களும் நடுவிலை ரெண்டு கஞ்சா வைச்சிருந்தா எங்கடை தோட்டத்துக்கும் ஒரு நாதி இருந்திருக்கும்."

நான் அவளைக் கண்டித்தேன். சட்டத்தை மதிக்க வேண்டும் என்றேன். அவள் மிளகாயைப் பார்த்தாள், நான் பார்க்கவில்லை.

பரியாரியார் சொன்னபடி ஆண் இரண்டும் காய்ந்து விழுந்தன. பெண் ஐந்தும் தேறிவிட்டன. தேறியது என்றால் அப்படித் தேறல். வாசம் ஒழுங்கை முனைவரை வந்தது. தில்லைநாதன் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டார். தீவில் அந்த வருஷம் விவசாயக் கந்தோர் காப்பாற்றிய பயிர் அது ஒன்றுதான் என்றபடியால் அதில் பிழை சொல்ல நான் யார்?

கடைசியில் வழக்கு எடுத்தார்கள். பெயர் கூப்பிட்டவுடன் இளையதம்பி, குற்றந்தான் ஐயா, மன்னிக்க வேணும் என்று சொல்லிவிட்டான். வழக்கு பீடி பற்றவைக்கிற நேரத்துக்குள் முடிந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டபடியால் சான்று ஒன்றும் தேவைப்படவில்லை. செடிகளை ஒருவரும் பார்க்கவுமில்லை. அபராதத்தைக் கட்டிவிட்டு, வழக்குப் பார்க்கப் போயிருந்த என்னோடு அவன் ஒரே பஸ்ஸில் திரும்பினான். சான்றுப் பொருட்களைப் பொலிஸார் முன்னிலையில் எரித்து அழிக்க வேண்டும் என்று கடைசிக் கட்டளை பிறந்தது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு வந்தார். ஐந்தையும் வெட்டிக் குவித்து எண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். எண்ணெய் எரிந்தது, செடி எரியவில்லை. மறுபடி ஊற்றினார்கள். இலை வதங்கிப் புகைந்து அணைந்தது. அவ்வளவு பச்சை, அவ்வளவு செழிப்பு. தில்லைநாதனின் வைத்தியம் சும்மா இல்லை. தீக்குச்சிப் பெட்டி முடிகிற நேரம், இன்ஸ்பெக்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பிஐயா, நல்லாக் காஞ்சது ஏதும் கிடக்கோ, மூட்டி எரிக்க?"

"ஓம் ஐயா, ஆயிரத்து இருநூறு கண்டு கிடக்கு" என்றேன். "வந்து புடுங்குங்கோ. நீங்கள் காயவைச்சதுதானே."