அய்யோ ஆசானும் ஆறு சிலிண்டர் பயமும்

அப்பாவின் லாரிக்கு டாப்பெட்டை, அதாவது எஞ்சின் வால்வுகளின் இடைவெளியை, நானே வைத்துப் பார்த்தால் என்ன என்று எனக்கு முதன்முதலில் தோன்றிய நொடியில், அதை வைக்க வேண்டிய மெக்கானிக் பலாமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தார். பக்கத்துக் கடையில் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். "வெடிச்சிருச்சா? இன்னும் வெடிக்கலியா?" என்று மரத்துக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

மூணாறு மலை முழுக்கத் தேடினாலும் லாரியைக் கண்டு அப்படிப் பயப்படும் இன்னொரு ஆள் கிடைக்கமாட்டார். மறையூரில் ஒர்க்‌ஷாப் மெக்கானிக்கை மலையாள வழக்கப்படி ஆசான் என்றுதான் கூப்பிடுவோம். இவர் எதற்கெடுத்தாலும் 'அய்யோ' என்று ஆரம்பிப்பதால் அய்யோ ஆசான். சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். ஆள் கதவை அடைத்து நிற்கிற அளவுக்கு வாட்டசாட்டம். ஹாரன் அடித்தால் கையிலிருக்கும் டீ அடுத்தவர் சட்டையில் இருக்கும்.

"இவ்வளவு பயந்துகிட்டு ஏன் ஆசானே இந்தத் தொழிலு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அய்யோ, வேற தொழிலுக்குப் போயிட்டா, ரோட்ல போற வண்டியெல்லாம் எவன் எப்படி மாட்டினானோன்னு நெனச்சு நெனச்சே செத்துருவேனே!"

எங்கள் ஊரில் வெல்லம் ஏற்றும் லாரிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. டாப்பெட் வைத்த ஆள், வண்டி அடுத்த லோடோடு மூணாறு ஏறும்போது கேபினில் உட்கார்ந்து வந்தாக வேண்டும். ஆளே வாரண்டி. மற்ற மெக்கானிக்குகள் ஏறியதும் குறட்டை விடுவார்கள். நம் ஆசான் மடியில் ஒரு கருங்கல்லை வைத்துக்கொண்டுதான் ஏறுவார். வண்டி பின்னால் உருண்டால் குதித்துச் சக்கரத்துக்கடியில் போட வேண்டுமாம். திரும்பும்போது பஸ்ஸில் ஏறமாட்டார். அந்த பஸ்ஸுக்கு டாப்பெட் வைத்தது யாரென்று கண்டக்டரிடம் விசாரித்து, பதில் சொல்லத் தெரியாத கண்டக்டரைத் திட்டிவிட்டு, தான் டாப்பெட் வைத்த லாரி ஏதாவது இறங்கும்வரை மூணாறிலேயே குத்தவைத்திருப்பார்.

இந்தப் பயத்தாலேயே எல்லா லாரியும் அவரிடம்தான் போகும். தானும் ஏறியாக வேண்டுமே என்று, ஒவ்வொரு வால்வையும் பார்த்து, டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்து, வண்டி கிளம்பிய பிறகு கைகாட்டி நிறுத்தியும் பார்ப்பார்.

டாப்பெட் விஷயம் எளிமையானது, அதனால்தான் பயங்கரமானது. வால்வுக்கும் அதை அழுத்துகிற ராக்கருக்கும் நடுவே துளி இடைவெளி வேண்டும். கூடினால் டக்டக்கென்று சத்தம் வரும், அவ்வளவுதான். குறைந்தால் சத்தமே வராது. ஆனால் எஞ்சின் சூடேறியதும் வால்வு முழுதாக மூடாது, இழுவை போய்விடும். ஏற்றத்தில் லோடு வண்டிக்கு இழுவை போனால் அது நிற்கும். நின்றது பின்னால் வரும். பின்னால் பள்ளத்தாக்கு.

டிரைவர்களுக்கோ சத்தமே ஆகாது. "தையல் மிஷின் மாதிரி வச்சுக் குடு ஆசானே" என்பார்கள்.

"அய்யோ, கத்துற பிள்ளைய விட்டுருவேன். சத்தமே காட்டாம உள்ரூம்ல இருக்குற பிள்ளையத்தான் எட்டிப் பாக்கணும்!"

நான் மெக்கானிக்கல் படித்து முடித்து, வேலைக்கு எழுதிப்போட்டுவிட்டு, வீட்டில் மிக்ஸியைக் கழற்றிக்கொண்டிருந்த நேரம். அப்பாவின் லாரி டக்டக்கென்று தொடங்கியிருந்தது. பலாமரத்துக்குப் பின்னால் போய் ஆசானிடம் சொன்னேன்.

"ஆசானே, இந்தத் தடவ நான் வைக்கிறேன்."

"அய்யோ! எதுக்கு பாப்பா?"

"படிச்சிருக்கேன்ல."

"படிச்ச எஞ்சின் பேப்பர்ல ஓடுறது. இது ஏத்தத்துல ஓடுறது. நீ வச்சா நீதான் ஏறணும், தெரியும்ல?"

"தெரியும்."

முகம் மலர்ந்தது. "அப்ப நான் ஏற வேண்டாமா?" என்றவர், ஸ்பேனரைத் துடைத்து இரண்டு கையாலும் கொடுத்தார்.

மறுநாள் காலை, எஞ்சின் சில்லென்று இருக்கும்போது மூடியைத் திறந்தேன். இடைவெளியை அளக்கும் கேஜ் தகடு வழுக்கிக்கொண்டு போகக்கூடாது, சிக்கவும் கூடாது. மறுமுனையை யாரோ செல்லமாகப் பிடித்து இழுப்பதுபோல் நகர வேண்டும். நட்டை இறுக்கினால் ஸ்குரூவும் கூடவே திரும்பி இடைவெளியைத் தின்றுவிடும். இறுக்கியபின் மறுபடி தகடு.

வெல்ல மூட்டை ஏற்றினோம். அப்பா ஸ்டார்ட் செய்தார். எஞ்சின் மெல்ல டக்டக்கென்றது. "என்னத்தா, இன்னும் தட்டுது?" என்று அப்பா முகம் சுளிக்கும்போதே இடப்பக்கக் கதவு திறந்தது. கருங்கல் ஏறியது. பின்னாலேயே ஆசான்.

"தள்ளி உக்காரு."

"நீங்க ஏன் ஆசானே? நான்தானே வச்சேன்?"

"அதான்."

அப்பா சிரித்தார். ஆசான் சிரிக்கவில்லை. "வீட்ல இருந்தாலும் பயமாத்தான் இருக்கும். அங்க தனியாப் பயப்படணும்."

தேயிலைத் தோட்டங்கள் தொடங்கும் வரை என் டாப்பெட் எனக்குத் தாலாட்டுப் பாடியது. அதற்கப்புறம் வளைவுகள். இடப்பக்கம் மரங்களின் தலைகள் மட்டும் தெரிந்தன. கால்கள் எங்கோ கீழே. அப்பா கியரைக் குறைத்தார். அப்போதுதான் கவனித்தேன். டக்டக் தேய்ந்துகொண்டே வந்தது. அடுத்த வளைவில் சுத்தமாக இல்லை.

சூட்டில் இடைவெளி சுருங்கும் என்று படித்திருக்கிறேன். ஆனால் சுருங்கியதா, இல்லாமலே போய்விட்டதா? ஆசானைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'அய்யோ' சொல்லவில்லை. அவர் 'அய்யோ' சொல்லாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

"அப்பா, நிறுத்துங்க."

"ஏத்தத்துலயா? கிறுக்கா உனக்கு?"

"நிறுத்துங்கண்ணே!" என்றார் ஆசான்.

வண்டி நின்ற வேகத்தில் கல்லோடு குதித்து, பள்ளத்துப் பக்கமே ஓடிப் பின்சக்கரத்துக்கு அணை கொடுத்தார். அப்பா எஞ்சினை அணைத்து, பிரேக்கின் மேல் ஏறியே நின்றார். நான் கொதிக்கிற மூடியைத் துணியால் பிடித்துக் கழற்றினேன். ஒவ்வொரு வால்வாகப் பார்க்க, எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். அதைக் கீழே படுத்துக் கம்பியால் நெம்பித்தான் செய்ய முடியும். யார் படுப்பது என்று நான் யோசிப்பதற்குள், டயருக்குக் காற்றடித்தாலே மரத்தைத் தேடுகிற மனிதர், சரிவில் நிற்கும் லோடு லாரிக்கு அடியில் நுழைந்துவிட்டார்.

"அய்யோ... திரும்பிருச்சு, பாரு."

சூட்டு இடைவெளிக்கான மெல்லிய தகட்டை விட்டேன். பிடித்துப் பிடித்துப் போனது. "இருக்கு ஆசானே!"

"அய்யோ... அடுத்தது."

"இருக்கு!"

ஒவ்வொரு அய்யோவுக்கும் ஓர் 'இருக்கு'. கடைசி சிலிண்டரின் புகை வால்வில் தகடு நின்றது. எனக்கு மூச்சும் நின்றது. கையைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டேன். வியர்வையில் என் விரல்தான் வழுக்கியிருந்தது. தகடு செல்லமாக நகர்ந்தது.

"இருக்கு!"

கீழே கம்பி மறுபடி நெம்பும் சத்தம் கேட்டது. பிறகு, "இன்னொரு தடவ பாத்துரு பாப்பா. நான் இங்கதான இருக்கேன்."

மூணாறு போய்ச் சேர்ந்தோம். அன்றைக்கு நாங்கள் மூவரும் குடித்த டீயில் பாதி சாஸரில்தான் இருந்தது.

வருகிற திங்கட்கிழமை அதே லாரியின் சிலிண்டர் ஹெட்டையே, எஞ்சினின் மேல்பாகம் முழுவதையும், கழற்றி இறக்கப் போகிறேன். நான் இதுவரை செய்யாத வேலை. பக்கத்தில் நிற்க ஆசான் ஒத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அதுவே போதும்; என் பங்குக்கும் சேர்த்து அவர் பயந்துகொள்வார்.